கொக்கின் வாயில் இருந்த கெண்டை

மலையடிவாரக் காட்டு ஆற்றில் ஒரு நீர்நாய்க் கூட்டம் வாழ்ந்தது. மேலே ஒரு மடு, கீழே ஒரு மடு. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் பாறைகளுக்குள் புகுந்து, நுரைத்து, சரிந்து ஓடியது. அந்த இடத்தை நீர்நாய்கள் சறுக்கு என்று அழைத்தன.

சறுக்கில் பெயர் பெற்ற பாறைகள் மூன்று. மேலே அம்மிப் பாறை. நடுவில் பானைப் பாறை. கடைசியில், கூராக நிமிர்ந்து நிற்கும் நரிப்பல்.

கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலத்தின் முதல் புதுவெள்ளம் வந்ததும், வளர்ந்த குட்டிகள் சறுக்கில் தனியாக இறங்க வேண்டும். இறங்கிய குட்டிக்கு வரிசையில் இடம் கிடைக்கும். நீர்நாய்கள் தோளோடு தோள் சேர்ந்து அரைவட்டமாக நீந்தி, மீன்களைக் கரைப் பக்கம் ஒதுக்கிப் பிடிக்கும். அதுதான் வரிசை. இறங்காத குட்டி கரைவழியாகவே கீழ்மடுவுக்குப் போகலாம். ஆனால் அடுத்த மழைக்காலம் வரை அது வரிசையில் சேர முடியாது. மற்றவர்கள் தின்றது போக மிஞ்சியதைத்தான் தின்ன வேண்டும்.

ஆரல் என்ற பெண்குட்டி போன ஆண்டு கரைவழியாகப் போனாள். அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. இறங்கு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. இறங்காதே என்றும் சொல்லவில்லை. அம்மா வெண்கழுத்தி வந்து, கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். ஆரல் வளர்ந்த குட்டி. அவள் பின்னங்கால்கள் வழியெல்லாம் தரையில் இழுபட்டன. மரத்தில் இருந்த மந்திகள் விழுந்து விழுந்து சிரித்தன.

அந்த ஆண்டு முழுவதும் ஆரலுக்கு வால்துண்டுதான் கிடைத்தது. வால்துண்டில் முள் அதிகம்.

கோடை வந்தது. ஆறு வற்றியது. சறுக்கில் பாறைகள் மட்டும் நின்றன. ஆரல் தினமும் அங்கே போனாள். ஒவ்வொரு பாறையையும் மீசையால் தடவினாள், கால்விரல்களால் அளந்தாள். எது வழுக்குகிறது, எது கூராக இருக்கிறது, எதன் பின்னால் பள்ளம் இருக்கிறது என்று பார்த்து வைத்தாள்.

மாமன் மகன் துள்ளன் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தான். கூட்டத்திலேயே ஓயாமல் பேசுகிறவன் அவன்தான்.

"என்ன ஆரல், எதையாவது தொலைத்துவிட்டாயா?"

"இல்லை. ஆற்றின் எலும்பைத் தொட்டுப் பார்க்கிறேன். சதை வந்த பிறகு தொட முடியாது."

"கிடைத்தால் எனக்கும் ஓர் எலும்பு எடுத்து வை. பசிக்கிறது."

கோடை மழை பெய்து ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடத் தொடங்கியது. ஆரல் முதலில் நரிப்பல்லுக்குக் கீழே இறங்கிப் பழகினாள். பிறகு பானைப் பாறையிலிருந்து. பிறகு அம்மிப் பாறையிலிருந்து. விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஏறினாள். பாறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பேசும் என்று அப்போது தெரிந்துகொண்டாள். அம்மிப் பாறையின் மேல் தண்ணீர் அரைபடுவது போலச் சரசரக்கும். பானைப் பாறையின் குழியில் களுக், களுக் என்று விழுங்கும். நரிப்பல்லில் இரண்டாகக் கிழிந்து, இரு பக்கமும் சீறும்.

கடைசியில் மலையில் இடி இடித்தது. புதுவெள்ளம் செம்மண் நிறத்தில் இறங்கி வந்தது.

கூட்டத்தின் தலைவி பெருமீசை மேல்மடுவின் கரையில் ஏறி நின்றாள். கரைப் பாறையில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. வெள்ளம் அந்தக் கோட்டை மூடிவிட்டால் அந்த ஆண்டுக்குச் சறுக்கு முடிந்தது. அதற்குமேல் பெரிய நீர்நாய்களே இறங்குவதில்லை.

"இந்த ஆண்டு யார் யார் இறங்குகிறீர்கள்?" என்று கேட்டாள்.

"நான்தான் முதலில்" என்று சொல்லிக்கொண்டே துள்ளன் குதித்துவிட்டான். போன ஆண்டே இறங்கி வரிசையில் சேர்ந்தவன்தான், ஆனாலும் சறுக்கு என்றால் அவனுக்கு ஆசை. அவன் வாய் மூடியதை யாரும் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே நுரைக்குள் மறைந்தான்.

"அடுத்தது?"

"நான், பெரியம்மா" என்றாள் ஆரல்.

 அடுத்த நொடி கூட்டத்தில் எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். நீர்நாய்கள் இயல்பிலேயே வாயாடிகள்.

"இவளா?"

"குழந்தைக்குக் காய்ச்சல் ஏதாவது இருக்கிறதா, தொட்டுப் பார்."

"போன வருஷம் மாதிரி தூக்கிக்கொண்டு போனால் என்ன?"

அப்போது நாணல் புதரிலிருந்து நெடுங்கால் என்ற கொக்கு வெளியே வந்தார். நாள் முழுவதும் ஒற்றைக் காலில் நிற்பது அவர் வேலை. அதனால் எந்தக் காரியத்தையாவது ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போதும் உண்டு.

"கவலையை என்னிடம் விடுங்கள்" என்றார். "வழிநெடுக ஆள் நிறுத்துகிறேன். பாறைக்கு ஒரு வாய். எல்லா வாயும் சேர்ந்து வழி சொன்னால் குழந்தை பூப்போலக் கீழே போய்ச் சேரும்."

"கொக்கு மாமா, எனக்கு என்ன வேண்டுமென்றால்..." என்று ஆரல் தொடங்கினாள்.

"நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், கண்ணு. எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

அம்மிப் பாறையில் தவளைகளை உட்கார வைத்தார். பானைப் பாறைக்கு மேலே கிளையில் மந்திகளை நிறுத்தினார். நரிப்பல்லுக்கு எதிரே அத்தைகளும் சித்திகளும். வெண்கழுத்தி கரையோரமாகக் கூடவே ஓடி வரவேண்டும் என்று ஏற்பாடு. ஏற்பாட்டைப் பார்த்து நெடுங்காலுக்கே பெருமையாக இருந்தது. கழுத்தை ஒருமுறை நீட்டி மடக்கினார்.

ஆரல் தண்ணீரில் இறங்கினாள். வெள்ளம் அவளை இழுத்துக்கொண்டது.

உடனே சத்தம் தொடங்கியது.

"இடது பக்கம், இடது பக்கம்" என்றன தவளைகள்.

"வலது" என்றது ஒரு மந்தி. "மேலே பார்" என்றது இன்னொன்று. அது பழக்கதோஷம்.

"ஆரல், பார்த்து, பார்த்து" என்று அம்மா கரையில் கதறிக்கொண்டே ஓடினாள்.

"யாரும் குழப்பாதீர்கள்" என்று எல்லாரையும் விட உரக்கக் கத்தினார் நெடுங்கால்.

ஆரல் அம்மிப் பாறையின் சரசரப்பைத் தேடினாள். கிடைக்கவில்லை. காதில் வாய்கள்தான் நிறைந்திருந்தன. தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். அதற்குள் பாறை வந்துவிட்டது. விலாவில் பலமாக இடித்தது. அவள் உருண்டாள். மூக்கில் தண்ணீர் ஏறியது. வெண்கழுத்தி பாய்ந்து கழுத்தைக் கவ்விக் கரையில் இழுத்துப் போட்டாள்.

ஆரல் இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள்.

"இன்னும் நாலு வாய் சேர்த்திருக்க வேண்டும்" என்றார் நெடுங்கால்.

பெருமீசை வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் மிச்சம் இருந்தது. "போதும். வெண்கழுத்தி, குட்டியைக் கரைவழியாகக் கொண்டுபோ" என்றாள்.

வெண்கழுத்தி குனிந்தாள். ஆரல் தலையைத் தாழ்த்தி நழுவிக்கொண்டாள்.

"என்னைத் தூக்காதே, அம்மா. பெரியம்மா, நான் மறுபடி இறங்குகிறேன்."

"விலா வீங்கியிருக்கிறது."

"துள்ளன் போன வருஷம் முதல் தடவை விழுந்து பல் உடைந்து வந்தான். அவனை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. இரண்டாவது தடவை விட்டீர்கள்."

பெருமீசை நியாயமானவள். சிறிது யோசித்தாள். "எந்தப் பாறை உனக்குக் கேட்கவில்லை?" என்றாள்.

"மூன்றும் பேசுகிற பாறைகள்தான். நீங்கள் எல்லாரும் பேசியதில் அவை பேசியது கேட்கவில்லை."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. தவளைகள் தொண்டையைச் சுருக்கிக்கொண்டன.

"அப்படியென்றால்?" என்றாள் அம்மா.

"யாரும் பேசக் கூடாது. நான் கீழ்மடுவுக்குப் போய்ச் சேரும் வரை."

"நீ அந்த நுரைக்குள் போவாய், நான் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டுமா? என்னால் ஆகாது, ஆரல்."

"கஷ்டம்தான், அம்மா. நான் இறங்குவதும் கஷ்டம்தான். என் கஷ்டத்தை நான் படுகிறேன். உன் கஷ்டத்தை நீ படு."

வெண்கழுத்தி அருகே வந்தாள். மகளின் விலாவை ஒருமுறை நக்கிக் கொடுத்தாள். பிறகு விலகி உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில் துள்ளன் கரையேறி வந்தான். கீழ்மடு வரை போய்த் திரும்பியிருந்தான். முதுகில் நீளமாக ஒரு சிராய்ப்பு.

"ஏன் எல்லாரும் இழவு வீட்டில் இருப்பது மாதிரி இருக்கிறீர்கள்? என் முதுகைப் பார்த்தீர்களா? நரிப்பல்லைத் தாண்டியதும் ஒரு மரம்..."

"உஷ்" என்றார் நெடுங்கால். "குழந்தை முன்னால் அதையெல்லாம் சொல்லாதே. பயந்துவிடும்."

"சொல்லு, துள்ளா" என்றாள் ஆரல். "என்ன மரம்? எங்கே?"

"மருதமரம். நேற்றுக் காற்றில் சாய்ந்திருக்க வேண்டும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை குறுக்கே கிடக்கிறது. தண்ணீர் அதன் அடியில் போகிறது. முங்கிப் போனால் தப்பிக்கலாம். நான் பேசிக்கொண்டே போனேன், முங்க மறந்துவிட்டேன்."

"அந்த இடத்தில் தண்ணீர் என்ன சத்தம் போடுகிறது?"

துள்ளன் நினைத்துப் பார்த்தான். "ஒன்றுமே இல்லை. மரம் தண்ணீரைத் தொடவில்லை. கொஞ்சம் மேலே நிற்கிறது. நம் தலை உயரத்துக்கு."

ஆரல் தான் தடவி வைத்த பாறைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். கோடையில் அந்த மரம் அங்கே இல்லை. அவள் மீசை அதைத் தொட்டதில்லை. சத்தம் போடாத மரத்தைக் காது கண்டுபிடிக்க முடியாது.

நெடுங்கால் மெல்லச் சொன்னார். "பார்த்தாயா, கண்ணு. இதற்குத்தான் சொன்னேன்."

"நல்லது, துள்ளா. சொல்லாமல் இருந்திருந்தால் நேராகப் போய் முட்டியிருப்பேன்" என்றாள் ஆரல். "அந்த மரத்தை என்னால் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே மட்டும் எனக்கு ஓர் உதவி வேண்டும்."

"நான் வருகிறேன்" என்றாள் அம்மா.

"நான் பறந்தே போய்விடுவேன்" என்றார் நெடுங்கால்.

"துள்ளன் வரட்டும்" என்றாள் ஆரல். "அதில் இடித்துக்கொண்டவன் அவன்தான். எங்கே முங்க வேண்டும் என்று அவன் முதுகுக்கே தெரியும். துள்ளா, மரத்தின் மேல் உட்கார். நான் முங்க வேண்டிய நேரத்தில் ஒரே ஒரு சீழ்க்கை. அதற்கு முன்னால் ஒரு சொல் வேண்டாம். பின்னாலும் வேண்டாம்."

துள்ளனின் முகம் மாறியது. "ஒரே ஒன்றா? அதுவரைக்கும் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா? என்னைத் தெரிந்துதான் கேட்கிறாயா?"

"தெரியும். முடியுமா, முடியாதா?"

துள்ளன் வாயைத் திறந்தான். பிறகு, எல்லாரும் பார்க்க, மூடினான். தலையை மட்டும் ஆட்டினான். அவள் பார்க்கமாட்டாள் என்று நினைவு வந்ததும், "முடியும்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு கீழே ஓடினான்.

"அப்படியானால் நான் எதற்கு?" என்று கேட்டார் நெடுங்கால். அவர் குரல் சிறுத்துப்போயிருந்தது.

ஆரல் யோசித்தாள். மடுவில் ஒரு முங்கு முங்கி, ஓர் உயிர்க் கெண்டையைப் பிடித்து வந்தாள். "மாமா, உங்களுக்குத்தான் பெரிய வேலை. இதை வாயில் பிடித்துக்கொள்ளுங்கள். நான் கீழே போய்ச் சேர்ந்ததும் நீங்களே சாப்பிடலாம். அதற்கு முன்னால் விழுங்கக் கூடாது. வாயைத் திறந்தால் கெண்டை ஆற்றில் போய்விடும்."

காட்டில் எந்தக் கொக்கும் அப்படி ஒரு வேலையைச் செய்ததில்லை. நெடுங்கால் கெண்டையைக் கவ்விக்கொண்டார். கெண்டை துடித்தது. கொக்கின் தொண்டையும் துடித்தது.

"கோட்டுக்கு இரண்டு விரல்தான் மிச்சம்" என்றாள் பெருமீசை. ஆரல் கீழே போய்ச் சேரும் வரை கரையில் பேசப்பட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

ஆரல் இறங்கினாள்.

வெள்ளம் முன்பைவிட வேகமாக இருந்தது. ஆனால் இப்போது அதன் குரல் தெளிவாகக் கேட்டது. இதோ சரசரப்பு. அம்மிப் பாறை வலப்பக்கம். அவள் வாலைத் துடுப்புபோல வளைத்தாள். பாறை அவள் தோளைத் தடவிக்கொண்டு பின்னால் போனது. அதன் வழுக்கலை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். கோடையில் தொட்ட அதே வழுக்கல்.

அடுத்தது களுக், களுக். பானைப் பாறையின் குழி. வெள்ளத்தில் அதன் சுழல் பெரிதாகியிருந்தது. அவள் நினைத்ததைவிடப் பெரிது. சுழல் அவளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியது.

கிளையில் இருந்த மந்தி ஒன்று கத்துவதற்காக வாயைத் திறந்தது. பக்கத்துப் பாறையில் நின்ற நெடுங்கால் சட்டென்று ஒரு சிறகை விரித்து மந்தியின் முகத்தை மூடினார். கெண்டை அவர் வாயில்தான் இருந்தது.

ஆரல் சுழலோடு சண்டை போடவில்லை. சுற்ற விட்டாள். வேனிலில் சின்னச் சுழலில் பழகியது அவளுக்கு நினைவிருந்தது. சுழல் எந்த இடத்தில் தளரும் என்று மீசையால் பார்த்தாள். இரண்டாவது சுற்றில் தண்ணீர் மீசையின் இடப்புறம் குளிர்ந்தது. ஓடும் நீர் அந்தப் பக்கம்தான். அங்கே உதைத்தாள். குழி அவளை விட்டுவிட்டது.

பிறகு சீறல். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரிச் சீறியது. அப்படியானால் நரிப்பல் நேர் எதிரே. கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தாள். வலப்பக்கச் சீறல் பெரிதாகி அவளை விழுங்கியது, இடப்பக்கச் சீறல் பின்தங்கியது. நரிப்பல் தாண்டிவிட்டது.

அதன்பின் ஒன்றும் இல்லை.

தண்ணீர் வேகமாக, வழவழப்பாக ஓடியது. எதுவும் பேசவில்லை. இங்கேதான் எங்கேயோ மரம் இருந்தது. இப்போதே முங்கினால் மூச்சு போதாது. முங்காமல் இருந்தால் தலை போகும். ஆரல் தலையை நீருக்கு மேலே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முங்கிவிடு, முங்கிவிடு என்று உடம்பு சொன்னது. அவள் அதற்குச் செவி கொடுக்கவில்லை. துள்ளனுக்காகக் காத்திருந்தாள்.

மரத்தின் மேல் துள்ளன் தன் வாயைத் தன் முன்னங்கால்களாலேயே பொத்திக்கொண்டிருந்தான். ஆரல் வருவது தெரிந்தது. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை அரித்தது. முதுகுச் சிராய்ப்பு எரிந்தது. இன்னும் இல்லை. இன்னும் இல்லை.

இப்போது.

ஒரே ஒரு சீழ்க்கை.

ஆரல் முங்கினாள். ஒரு கிளை அவள் வாலின் நுனியைக் கீறியது. மரம் மேலே போய்விட்டது.

கூட்டம் கரைவழியாகக் கீழ்மடுவை நோக்கி ஓடியது. வெண்கழுத்தி கீழ்மடுவின் ஓரம்வரை ஓடி வந்து நின்றாள். வாயைத் தன் வாலால் அடைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மடு வெறுமையாகக் கிடந்தது. நுரை வந்து கரையில் ஒதுங்கியது.

நடு மடுவில் ஒரு குமிழி வெடித்தது. அதன்பின் ஒரு மீசை. அதன்பின் ஆரலின் தலை.

அவள் தும்மினாள். காதைச் சிலிர்த்தாள். எந்தப் பக்கமும் ஒரு சத்தமும் இல்லை.

"வந்துவிட்டேனா?" என்றாள். "இனி பேசலாம். யாராவது பேசித் தொலையுங்கள்."

அடேயப்பா! அதுவரை அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் ஒன்றாகக் கொட்டியது. தவளைகள் கத்தின. மந்திகள் கிளையை உலுக்கின. துள்ளன் மரத்திலிருந்து குதித்து, தான் எப்படிச் சும்மா இருந்தான் என்பதை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே நீந்தி வந்தான். வெண்கழுத்தி மகளை நக்கினாள். கழுத்தைக் கவ்வவில்லை.

நெடுங்காலால் மட்டும் பேச முடியவில்லை. நீண்ட கால்களை எடுத்து வைத்து நடந்து வந்தார். கெண்டையை ஆரலின் முன்னால் வைத்தார். அதில் ஒரு செதில்கூடக் குறையவில்லை.

"உங்களுக்குத்தான், மாமா. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள்."

"பாதி உனக்கு" என்றார் நெடுங்கால். "தலைப்பக்கம் உனக்கு. வால்துண்டை நான் தின்கிறேன்."

பெருமீசை தண்ணீரில் இறங்கி வந்தாள். "வரிசையில் எந்த இடம் வேண்டும், ஆரல்?"

"நடுவில், பெரியம்மா. ஓரத்தில் நின்றால் யாராவது என்னைக் காப்பாற்ற வந்துவிடுவார்கள்."

"என் பக்கத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்றான் துள்ளன். "ஒரு வருஷம் முள் தின்றவள். பசியில் என்னையே கடித்துவிடுவாள்."

ஆனால் இடம் விட்டு ஒதுங்கி நின்றவன் அவன்தான். ஆரல் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டாள். அவள் தோள் ஒரு பக்கம் துள்ளனின் தோளைத் தொட்டது, மறுபக்கம் அம்மாவின் தோளைத் தொட்டது. அரைவட்டம் நகர்ந்தது. மீன்கள் துள்ளிக்கொண்டு கரைக்கு ஒதுங்கின.

ஒருவருக்கு உதவ விரும்பினால், என்ன வேண்டும் என்று அவரையே கேட்டு அதை மட்டும் சரியாகச் செய்ய வேண்டும். மற்றதை அவரே செய்துகொள்வார்.